ஒரு முடிச்சு போட்ட இளவரசன்

கோமளம் அத்தை குடையை மடக்காமலேயே கூடத்துக்குள் வந்துவிட்டாள். தரையெல்லாம் ஈரம்.

"வாங்கோ, வாங்கோ. இந்த மழையில எதுக்கு சிரமம்? இருங்கோ, காபி கலக்கறேன்" என்று அம்மா எழுந்தாள்.

"காபி ஒண்ணும் வேண்டாம். உங்க பொண்ணைக் கூப்பிடுங்கோ."

ஐப்பசி அடைமழை. ஆழ்வார்பேட்டையில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த கம்பெனியிலிருந்து தொப்பலாக நனைந்து தி.நகருக்கு வந்து, அப்போதுதான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். துண்டும் கையுமாக எதிரே போய் நின்றேன். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தும் போகாத ஒரு மஞ்சள் கோடு அங்கே இருந்தது.

"அந்தத் தாலிய என்னடி பண்ணினே?"

"ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டி சாமான் பெட்டியில போட்டுட்டா அத்தை."

அத்தை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "சிவ சிவா! கழட்டிட்டியா? வாயால வேற சொல்றியே!"

இவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்த சேகரின் அப்பாவோடு பிறந்தவள். தாயில்லாத சேகரை மந்தைவெளியில் தன் வீட்டில் வைத்து வளர்த்து ஆளாக்கியவள். ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதம் கல்யாணம் என்று மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அதை நிறுத்தத்தான் இப்போது மழையில் வந்திருந்தாள். காரணம், எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதாம். அதைத் தன் இரண்டு கண்ணாலும் டெலிவிஷனில் பார்த்தாளாம்.

ஏழு படிக் கோட்டை

எங்கள் ஊருக்கு டெலிவிஷன் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் சேர்ந்திருந்த அமெச்சூர் நாடகக் குழுவுக்கு ஒரு மாயாஜாலத் தொடர் செய்ய வாய்ப்பு வந்தது. வாரம் ஒரு மாலை, அரை மணி நேரம். பெயர் 'ஆயிரம்படிக் கோட்டை'. நான்தான் இளவரசி நீலவேணி. இதற்கு ஒரே காரணம், என் தலைமுடி. சவுரி வாங்கும் செலவு மிச்சம் என்று டைரக்டர் என் எதிரிலேயே சொன்னார்.

ஆயிரம் படி என்று பெயரே தவிர, தச்சர் செய்து கொடுத்தது ஏழே படிகள். அந்த ஏழையும் மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றிப் படம் பிடித்தார்கள். மீதிப் படிகளை ஜனங்கள் தாங்களே ஏறிக்கொண்டார்கள். "படி ஏறியே இளைச்சுட்டா பாவம்" என்று எங்கள் தெருவில் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரே ஒரு பெட்டி, நகைக்கடை அண்ணாச்சி வீட்டு மாடியில். திருநெல்வேலிக்காரர், தாராள மனசு. அந்த மாலையில் அவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் உள்ளே ஏதோ கல்யாணம் என்று நினைக்கத் தோன்றும். நானும் அங்கேதான் போய்ப் பார்ப்பேன். இளவரசி வந்தால் நாற்காலி கிடைக்கும் என்று நினைத்தேன். "ஏளா, தள்ளி உக்காரு. தல மறைக்கி" என்றார் அண்ணாச்சி.

மந்திரவாதி கரிமுகனாக நடித்தவர் நிஜத்தில் பள்ளிக்கூடத்து சமஸ்கிருத வாத்தியார். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். அவர் தாடியைத் திருத்த மாட்டேன் என்று மயிலாப்பூரில் ஒரு சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். சக்தியெல்லாம் தாடியில்தான் இருக்கிறது, கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாராம்.

பூதமாக நடித்தவர் ஒடிசலான மனிதர். வயிற்றில் இரண்டு தலையணை கட்டிக்கொண்டு வருவார். ஆனால் தொடரிலேயே பேரும் புகழும் அவருக்குத்தான். ரேஷன் கடை வரிசையில் அவரை முன்னால் விட்டார்கள். சோறு உண்ணாத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். "ஒரே ஒரு தரம் ஹூம்னு சொல்லுங்கோ மாமா, போறும்" என்பார்களாம். அவரும் சலிக்காமல் சொல்வாராம்.

ஒரு வாரம் மந்திரவாதி எனக்கு ஒரு மாம்பழத்தைக் கொடுப்பதோடு கதை நின்றது. மறுநாள் காலை மாம்பலம் மார்க்கெட் பக்கம் பூக்காரம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, அந்த மாம்பயத்த துன்னாத. மருந்து வெச்சுக்கீறான்."

"அது போன வாரமே எடுத்தாச்சும்மா. நான் சாப்பிட்டுட்டேன்."

"அய்ய, இன்னாமா நீ! இன்னும் நின்னுக்கினு கீறியே? போய் வாந்தி எட்த்துரு" என்று பதறினாள். அவள் கண்ணில் நிஜமான பயம் இருந்தது. எனக்குச் சிரிக்க மனசு வரவில்லை.

என் ரவிக்கை தைக்கும் டெய்லர் பாய் ஒருவர்தான் இளவரசனைப் பிடிக்காத ஆள். இளவரசன் கைக்குழந்தையாகக் காட்டில் விடப்பட்டு, ஒரு கழுகு தூக்கிப் போய் வளர்த்தவன் என்று கதை. அதனால் ஜனங்கள் அவனை 'கழுகுப் பையன்' என்றே அழைத்தார்கள். பாய் மட்டும், "அரே, அந்தப் புள்ளைக்கு சட்டை அளவே சரியில்லைம்மா. தோள் எங்கேயோ தொங்குது. சட்டைய ஒழுங்கா போடத் தெரியாதவன் உன்னை எப்படிக் காப்பாத்துவான்? பூதம்தான் யோக்கியன்" என்றார்.

கோத்திரம் கேட்ட சாஸ்திரிகள்

இந்தக் கழுகுப் பையனுக்கும் எனக்கும் கல்யாணம் நடக்கும் வாரம் வந்தது. புரோகிதராக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். டைரக்டர் ஸ்கூட்டரில் ஓடி, மயிலாப்பூரிலிருந்து ஒரு நிஜ சாஸ்திரிகளையே பின்னால் உட்கார்த்தி அழைத்து வந்துவிட்டார். "சும்மா உதட்டை அசைச்சாப் போறும் மாமா" என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்.

சாஸ்திரிகள் மணையில் உட்கார்ந்ததும் நிலைமை மாறிவிட்டது. "எனக்கு அரைகுறையா பண்ணி வைக்க வராது ஓய்" என்றவர், கேமரா ஓட ஆரம்பித்ததும் கணீரென்று மந்திரத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நடுவில் நிறுத்தி மறுபடி எடுப்பதெல்லாம் லேசில் நடக்காது. டைரக்டர் தலையில் கை வைத்தபடி நின்றார்.

"மாப்பிள்ளைக்கு என்ன கோத்ரம்?"

இளவரசன் விழித்தான். வசனத்தில் இது இல்லை. "என்னைக் கழுகு வளர்த்தது ஐயா" என்றான் தழுதழுத்த குரலில்.

சாஸ்திரிகள் கண் இமைக்கவில்லை. "கழுகோ கருடனோ, பட்சிகளுக்கெல்லாம் மூலபுருஷர் காஸ்யபர். கோத்ரம் தெரியாதவாளுக்கும் காஸ்யபம்தான். ரெண்டு வழியிலும் சரியா வரது" என்று சங்கல்பத்தில் சேர்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு?"

"பாரத்வாஜம்" என்றேன்.

நீலவேணிக்கு ஏது பாரத்வாஜ கோத்திரம்? ஆனால் பிறந்தது முதல், குடுமியும் பஞ்சகச்சமுமாக ஒருவர் கோத்திரம் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிப் பழகிய வாய். அது யோசிக்கவா செய்யும்? மைக் அதைத் துல்லியமாகப் பிடித்து மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எங்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

செலவைக் குறைக்க, மஞ்சள் சரட்டில் விரலி மஞ்சளைக் கட்டித் தாலி என்று கொடுத்திருந்தார்கள். இளவரசன் அதைக் கட்டினான். உடனே மந்திரவாதி சாம்பிராணிப் புகைக்கு நடுவே தோன்றி என்னைத் தூக்கிக்கொண்டு போனார். அதோடு அந்த வாரம் முடிந்தது. அந்தச் சாம்பிராணி வாசனை மூன்று தலைமுழுக்குக்கும் போகவில்லை.

அத்தையின் வழக்கு

எங்கள் கூடத்தில் அத்தை தன் வழக்கை எடுத்து வைத்தாள். நிஜ வாத்தியார், நிஜ மந்திரம், அக்னி சாட்சி. போதாக்குறைக்கு என் வாயாலேயே என் கோத்திரம்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "மாமி, நான் கன்யாதானம் பண்ணிக் கொடுக்கலையே. அப்புறம் அது எப்படிக் கல்யாணம் ஆகும்?"

"நீலவேணியோட அப்பா, அந்த ராஜா பண்ணிக் கொடுத்தாரே. அழுதுண்டே தாரை வார்த்தாரே, பாக்கலையா நீங்க?"

"அது விரலி மஞ்சள்தானே?" என்றாள் அம்மா.

"இல்லாதப்பட்டவாளுக்கு மஞ்சள்தான் திருமாங்கல்யம். ஊர் உலகத்துல இருக்கறதுதானே."

"ஆடி மாசமா இருந்தாலாவது செல்லாதுன்னு சொல்லலாம்" என்று அப்பா முணுமுணுத்தார். "ஐப்பசி. முகூர்த்த மாசம் வேற." அப்பா யார் கட்சி என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து எரிகிற நெருப்பில் எண்ணெய் வந்து விழுந்தது. இளவரசனாக நடித்தவர் ஒரு பாங்க் குமாஸ்தா. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. அவர் அம்மா எனக்கு ஒரு புடவை, மஞ்சள், குங்குமம் எல்லாம் கொடுத்தனுப்பியிருந்தாள். அதைக் கொண்டுவந்தவள் சாட்சாத் அவர் மனைவியேதான்! "எனக்கு ஒண்ணும் இல்ல விஜி. மாமியார்தான் முறைன்னு ஒண்ணு இருக்கே, வெறுங்கையோட விடக்கூடாதுன்னா. நான் என்ன பண்ணட்டும்?" என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, காபி டம்ளரை வைக்கும்போது சற்று ஓசையாகத்தான் வைத்தாள்.

இந்தச் செய்தி மந்தைவெளிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? "பாத்தியா, அந்தப் பக்கத்துக்காராளே ஒத்துண்டுட்டா" என்றாளாம் அத்தை.

சேகர் பனகல் பார்க் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "அத்தை சொல்றது அபத்தம்னு எனக்குத் தெரியாதா விஜி? ஆனா எனக்கு அக்கா தங்கை கிடையாது. என் கல்யாணத்துல அத்தைதான் நாத்தனார் முடிச்சு போடணும். அவ கை படாம எனக்குக் கல்யாணம் வேண்டாம். அவ இல்லேன்னா நானே இல்ல."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அதே நேரம் அவரை இன்னும் அதிகமாகப் பிடித்தும் போனது. வீட்டுக்குப் போய் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் அவர் சொன்ன ஒரு சொல் மனசில் திரும்ப வந்தது. நாத்தனார் முடிச்சு!

ஒன்றா, மூன்றா?

மறுநாளே மந்தைவெளிக்குப் போனேன். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, மாப்பிள்ளை எத்தனை முடிச்சு போடுவார்?"

"ஒண்ணு. மீதி ரெண்டு நாத்தனார் போடுவா. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"அன்னிக்கு டிவியில மீதி ரெண்டை யார் போட்டா?"

அத்தையின் கை கீரையில் நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். இளவரசனே மூன்று முடிச்சும் போடுவதாகத்தான் வசனத்தில் இருந்தது. ஆனால் சாஸ்திரிகளின் மந்திரம் நீண்டுகொண்டே போனதில், சாம்பிராணிச் சட்டியை ஊதுகிற ஆள் பொறுமையிழந்து முன்னதாகவே ஊதிவிட்டார். முதல் முடிச்சோடு புகை சூழ்ந்துவிட்டது. மந்திரவாதி தூக்கிக்கொண்டு ஓடியபோது, சரடு அவிழ்ந்து விழாமல் இருக்க நான் கழுத்தில் கை வைத்துப் பிடித்துக்கொண்டேன். இளவரசி என்ன உருக்கமாகத் தாலியைப் பற்றிக்கொண்டாள் என்று அதற்கும் பாராட்டு வந்தது.

"கழுகு வளர்த்த பிள்ளைக்கு ஏது அக்கா தங்கை..." என்று அத்தை தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் லேசில் விடுகிறவள் இல்லை. தான் டெலிவிஷன் பார்க்கும் வீட்டுக்குப் போய், அன்றைக்குப் பார்த்தவர்களையெல்லாம் கூட்டி விசாரித்தாள். பெரும்பாலும் ஒரு முடிச்சு என்றார்கள். சிலர் புகைதான் பார்த்தோம் என்றார்கள். ஒரு மாமா மட்டும் மூன்றையும் பார்த்தேன் என்று சாதித்தார். "அவர் பாதி நேரம் தூங்கறவர், பழக்க தோஷத்துல சொல்றார்" என்று அத்தை அந்தச் சாட்சியைத் தள்ளுபடி செய்தாள்.

தீர்ப்பு வந்தது. "நாத்தனார் முடிச்சு விழாத வரைக்கும் அது வெறும் கயிறுதான். கல்யாணம் முடியலை. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. இன்னும் ரெண்டு முடிச்சு அங்க விழுந்துதோ, எங்காத்துப் படி ஏறாதே."

அப்பாடா என்று மூச்சு விட்டவள், அப்படியே நிறுத்திக்கொண்டேன். கடைசி வாரக் கதை என்னவென்று எனக்குத் தெரியும். இளவரசன் மந்திரவாதியை வென்று, தடைப்பட்ட கல்யாணத்தை முடிப்பதுதான் முடிவு!

கடைசி வாரம்

டைரக்டரிடம் கெஞ்சினேன். "கல்யாணத்தை முடிச்சு வைங்கன்னு ஊரே எழுதுது. பஸ்ல கண்டக்டர் என் சட்டையப் பிடிக்கறான்மா" என்றார். பொய்யில்லை. வடபழனி பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடமே, "இன்னாமா, அந்தப் பையன் கயுகோட சுத்திக்கினு கீறான். சீக்கிரம் ஊட்டாண்ட இட்டுக்கினு போம்மா" என்று சொல்லியிருந்தார். ஊரெல்லாம் அவனுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று காத்திருந்தது. எனக்கும் அவன்மேல் இரக்கம்தான். ஆனால் என் சேகர்?

கடைசி நாள். அதே சாஸ்திரிகள், அதே மணை. அவர் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, எல்லாக் கோத்திரமும் ஞாபகம் வைத்திருந்தார். கிராமபோனில் நாதஸ்வரம். இளவரசன் சரட்டை எடுத்து என் கழுத்தருகே கொண்டுவந்தான். மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"நில்லுங்கள் இளவரசே!" என்றேன்.

இளவரசன் கை அந்தரத்தில் நின்றது.

"நாத்தனார் இல்லாத வீட்டில் நான் வாழ்க்கைப்பட மாட்டேன். கழுகு உங்களைத் தூக்கிப் போன அன்று, தொட்டிலில் உங்களோடு ஒரு தங்கையும் இருந்தாளாம். அவளைத் தேடி அழைத்து வாருங்கள். அவள் கையால்தான் முடிச்சு விழ வேண்டும். அதுவரை இந்த ஏழு... ஆயிரம் படியிலும் விளக்கேற்றிக் காத்திருப்பேன்."

தங்கையை அந்த நிமிஷம்தான் பெற்றெடுத்தேன். டைரக்டரின் வாய் திறந்தபடி இருந்தது. ராஜா தன் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நல்லவேளை, இளவரசன் சபா நாடகங்களில் அடிபட்டவர். ஒரு கணம் என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒரு டம்ளர் ஓசையாக வைக்கப்பட்டுக்கொண்டிருந்தது அல்லவா? "அப்படியே ஆகட்டும் நீலவேணி!" என்று முழங்கி, அட்டைக் குதிரையில் ஏறிப் போயே போய்விட்டார்.

மறுபடி எடுக்க வழியில்லை. அடுத்த நிகழ்ச்சிக்காக வேர்க்கடலைச் செடிக் கட்டுகளோடு விவசாயிகள் வாசலில் காத்திருந்தார்கள்.

அந்த வாரம் நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போகவில்லை, பயம். மறுநாள் பூக்காரம்மா கூப்பிட்டு இரண்டு முழம் மல்லிகையைச் சும்மாவே கொடுத்தாள். "கரீட்டா கேட்டம்மா. நாத்னா இல்லாத ஊடு ஒரு ஊடா?" டெய்லர் பாய், தேடப் போகிறவனுக்கு அளவான சட்டை தானே தைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். டைரக்டரை எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்த முடிவு ஆரம்பத்திலிருந்தே தன் மனசில் இருந்தது என்று அவரும் சொல்லிக்கொண்டார்.

மந்தைவெளியிலிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் சேகர் வந்து, "அத்தை மண்டபத்துக்கு வாழை மரம் சொல்லிட்டா" என்றார். அவ்வளவுதான் சேதி.

தை மாதம், மயிலாப்பூர் மண்டபம். அப்பா சிக்கனம் பார்த்து அதே சாஸ்திரிகளையே பேசியிருந்தார். "பொண்ணுக்கு என்ன கோத்ரம்?" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும், "தெரியும், தெரியும்" என்று அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். அழைக்காதவர்களெல்லாம் வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தேன். சேகர் ஒரு முடிச்சு போட்டார். அத்தை பின்னால் வந்து நின்று சரட்டை வாங்கிக்கொண்டாள். இரண்டாவது முடிச்சு விழுந்தது.

மூன்றாவதுக்குச் சரட்டை இழுத்தவள், நின்றுவிட்டாள்.

மேளம் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அட்சதை தலையில் விழுந்துகொண்டே இருக்கிறது. இனிமேல் என்ன பாக்கி, எந்த சாட்சி பாக்கி என்று தவித்தேன். அத்தை குனிந்து என் காதருகே வந்தாள்.

"ஏண்டி, அந்தக் கழுகுப் பையனுக்குத் தங்கை கிடைச்சாளா?"

"இன்னும் தேடிண்டிருக்கான் அத்தை."

"பாவம்டி, நல்ல பையன்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, அத்தை என் மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டாள்.